கார்ட்டியர் குடும்பம் எப்படி ஆரம்பிச்சுது? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

பாரிஸ் நகைக்கடை கார்ட்டியர்னு சொன்னதும் நிறைய பேருக்கு டேங்க் வாட்ச், லவ் ப்ரேஸ்லெட், அந்த சிவப்பு டப்பா, இதுதான் ஞாபகம் வருது. எனக்கு அதுக்கெல்லாம் முன்னாடி நடந்த கதைதான் ரொம்பப் பிடிக்கும், ஒரு பட்டறையில கைவேலை கத்துக்கிட்ட ஒருத்தர், அவர் பையன், அப்புறம் மூணு பேரன்கள், இவங்க நூறு வருஷத்துக்கு மேல அதை எப்படி கட்டிக் காப்பாத்தினாங்கங்கிற கதை. என் கருத்துல இந்தக் கடை இவ்வளவு பெரிசானதுக்கு காரணம் வைரமோ டிசைனோ மட்டும் இல்ல, வீட்டுக்குள்ள வேலைய பிரிச்சுக்கிட்ட விதம்தான். அத மனசுல வச்சுக்கிட்டே கீழ இருக்கிற பதில்கள படிங்க.

முதல்ல ஆரம்பிச்சது யாரு?

லூயி பிரான்சுவா கார்ட்டியர், 1819ல பிறந்தவரு. பாரிஸ்ல அடால்ஃப் பிகார்னு ஒரு நகை மாஸ்டர், அவர்கிட்ட தொழில் கத்துக்கிட்டு 1847ல அந்த பட்டறையையே தன் கைக்கு எடுத்துக்கிட்டாரு, ரூ மோந்தோர்கேய் தெருவுல 29ஆம் நம்பர். அப்போ அவருக்கு முப்பது வயசுகூட ஆகல. தன்னோட முத்திரையா ஒரு சாய்சதுரத்துக்குள்ள பேரோட தலைப்பெழுத்து L, C, நடுவுல சீட்டுக்கட்டு ஹார்ட்டின் மாதிரி ஒரு இதயம். பிரான்ஸ்ல நகைமேல யாரு செஞ்சதுன்னு முத்திரை போடுறது சட்டப்படி இருந்த விஷயம், அதனாலதான் இன்னிக்கும் பழைய நகைய லென்ஸ் வச்சுப் பார்த்து இது எந்த பட்டறையில இருந்து வந்ததுன்னு சொல்ல முடியுது.

ஆரம்பத்துலயே ராஜா ராணிங்கதான் கஸ்டமரா?

இல்லவே இல்ல. பட்டறைய எடுத்து ஒரு வருஷத்துல, 1848 பிப்ரவரியில பாரிஸ்ல புரட்சி வந்து ராஜா லூயி பிலிப் பதவிய விட்டு ஓடுறாரு. ஊரே கலவரமா இருக்கும்போது யாரு நகை வாங்குவா? புதுசா தொழில் ஆரம்பிச்ச ஒருத்தருக்கு அதவிட மோசமான நேரம் இருக்க முடியாது. அப்புறம் மூணாம் நெப்போலியன் ஆட்சிக்கு வந்து 1852ல சக்கரவர்த்தியாகி, அரண்மனை விருந்து, டான்ஸ், பார்ட்டின்னு பழைய பகட்டெல்லாம் திரும்ப வந்தப்போதான் நகைக்காரங்களுக்கு மூச்சு வந்துச்சு. 1853ல ரூ நோவ் தே பெத்தி ஷான் தெருவுக்கு மாறினாங்க, அங்க வந்ததுக்கு அப்புறம் கஸ்டமர் நேரா கடைக்கு வந்து வாங்க ஆரம்பிச்சாங்க. 1856ல சக்கரவர்த்தியோட உறவுக்காரி இளவரசி மத்தில்ட் முதல் தடவை வாங்குறாங்க. அந்தம்மா பெரிய கலை ரசிகை, அவங்க வீட்டுக்கு எழுத்தாளர்கள், ஓவியர்கள், பெரிய மனுஷங்க எல்லாம் வந்து போவாங்க, அப்படி ஒருத்தர் கழுத்துல ஒரு நகை இருந்தா அதுக்கு மேல விளம்பரமே வேணாம். 1859ல இத்தாலியன்ஸ் புல்வார்ல 9ஆம் நம்பருக்குப் போனாங்க, அது அப்போ பாரிஸ்ல பணக்காரங்க நடமாடுற முக்கியமான இடம். சக்கரவர்த்தினி யூஜெனியும் கஸ்டமர் ஆனாங்க.

இன்னொண்ணும் சொல்லிடணும். அந்தக் காலத்துல கார்ட்டியர் வித்ததுல முக்கால்வாசி அவங்க பட்டறையில செஞ்சது கிடையாது. மத்த பட்டறைகள்ல இருந்து வாங்கி, நல்லதா பொறுக்கி எடுத்து விப்பாங்க. நகை மட்டும் இல்ல, வெள்ளிச் சாமான், வெண்கலச் சிலை, தந்தத்துல செஞ்சது எல்லாம் கடையில இருந்துச்சு. இத ஒரு குறையா நான் பார்க்கல. எது நல்ல வேலைப்பாடு எது மட்டம்னு கண்ணு பழகினது அந்த வருஷங்கள்லதான், பின்னாடி சொந்த டிசைன் போடும்போது அந்தக் கண்ணுதான் கைகொடுத்துச்சு.

தாத்தாவுக்கும் பேரன்களுக்கும் நடுவுல இருந்த ஆல்ஃப்ரெட் என்ன பண்ணாரு? அவரப் பத்தி யாருமே பேசுறதில்லையே?

இந்தக் கேள்விய கேட்டதுக்கே நன்றி சொல்லணும். ஆல்ஃப்ரெட் கார்ட்டியர் 1841ல பிறந்தவரு, 1874ல அப்பாகிட்ட இருந்து கடைய எடுத்துக்கிட்டாரு. அது எப்படிப்பட்ட நேரம்னு பாருங்க, 1870ல பிரஷ்யாவோட போர், சக்கரவர்த்தி தோத்து ஆட்சி போச்சு, பாரிஸ முற்றுகை போட்டாங்க, 1871ல கம்யூன்னு சொல்ற பாரிஸ் மக்களோட எழுச்சி, தெருவெல்லாம் சண்டை, அரண்மனையே எரிஞ்சு போச்சு. கடையோட பெரிய கஸ்டமர் எல்லாம் எந்த அரண்மனைய சுத்தி இருந்தாங்களோ அந்த அரண்மனையே இல்ல. அங்க இருந்து எழுந்து கால் நூற்றாண்டு கடைய சத்தமில்லாம ஓட்டினது ஆல்ஃப்ரெட்தான். அவர் பேர்ல ஒரு பிரபலமான நகையும் கிடையாது, ஒரு ஸ்டைலும் கிடையாது, அதனால விட்டுடுறாங்க.

அவரோட பெரிய வேலை பையன்கள வளர்த்தது. மூணு பசங்க, லூயி 1875, பியர் 1878, ஜாக் 1884. 1898ல பெரியவர் லூயிய பார்ட்னரா சேர்த்துக்கிட்டு கடை பேர ஆல்ஃப்ரெட் கார்ட்டியர் அண்ட் சன் அப்படிங்கிற மாதிரி மாத்துறாரு. அதே வருஷம் லூயிக்கு கல்யாணம், பொண்ணு ஆந்த்ரே கரோலின் வொர்த், அதாவது சார்ல்ஸ் ஃப்ரெட்ரிக் வொர்த்தோட பேத்தி. அந்த வொர்த் யாருன்னா ஐரோப்பா ராணிகளுக்கெல்லாம் கவுன் தைச்ச, பாரிஸ் ஃபேஷனையே உருவாக்கின டெய்லர், அவங்க கடை ரூ த லா பே தெருவுல. அடுத்த வருஷமே, 1899ல, கார்ட்டியரும் அதே தெருவுல 13ஆம் நம்பருக்கு வந்துட்டாங்க. கவுன் தைக்க வர்ற அம்மா, அந்த கவுனுக்கு ஏத்த நகை வாங்க கொஞ்சம் தள்ளி நடந்தா போதும்.

அப்போ அது தொழிலுக்காக பண்ண கல்யாணமா?

ரெண்டு குடும்பத்துக்கும் லாபம் இருந்துச்சுங்கிறது தெளிவு. 1907ல லூயியோட தங்கச்சி சுசானுக்கும் வொர்த் குடும்பத்துலயே கல்யாணம் ஆச்சு, அதனால இது தற்செயல்னு சொல்ல முடியாது. ஆனா லூயி கல்யாணம் நிலைக்கல, விவாகரத்துல முடிஞ்சுது. கடை ரூ த லா பேயில கால் ஊன்றினதுக்கு அந்தப் பொண்ணு கொடுத்த விலையப் பத்தி எந்த விளம்பரத்துலயும் வராது, எனக்கு அது வருத்தமான விஷயம்தான்.

மூணு அண்ணன் தம்பியும் வேலைய எப்படி பிரிச்சுக்கிட்டாங்க?

இதுதான் என்னைப் பொறுத்தவரை முழுக் கதையோட உயிர். மூணு பேரும் ஒரே கடையில உக்காந்திருந்தா சண்டை வந்திருக்கும், அதனால மூணு ஊரு. பெரியவர் லூயி பாரிஸ், டிசைன் முழுக்க அவர் கண்ணுல. நடுவுல பியர், அவரு பக்கா வியாபாரி, 1902ல லண்டன் கிளைய தொடங்கிவச்சாரு, அது ஏழாம் எட்வர்ட் ராஜா முடிசூட்டு விழா வருஷம், லண்டன் பிரபுக்கள் வீட்டு அம்மாங்க எல்லாம் தலையில கிரீடம் மாதிரி வைக்கிற டியாரா வேணும்னு நிக்கிற நேரம். 1904ல அந்த ராஜா கார்ட்டியருக்கு அரண்மனை நகைக்காரர்ங்கிற அங்கீகாரம் கொடுத்தாரு. அப்புறம் லண்டன கடைசித் தம்பி ஜாக் கையில ஒப்படைச்சுட்டு பியர் 1909ல நியூயார்க்ல கடை திறந்தாரு. அதே 1909ல லண்டன் கடை நியூ பாண்ட் தெரு 175க்கு மாறுச்சு, இன்னிக்கும் அங்கதான் இருக்கு.

பியர் கட்டிக்கிட்டதும் அமெரிக்கப் பொண்ணு, எல்மா ரம்சே, அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் ஊர்ல வசதியான குடும்பம். ஜாக் மனைவி நெல்லி ஹார்ஜெஸ், அவங்க அப்பா பாரிஸ்ல பேங்க் நடத்தின அமெரிக்கர். அந்தக் காலத்துல நகை வியாபாரின்னா எவ்வளவு பணம் இருந்தாலும் பெரிய வீட்டுக்குள்ள பின்வாசல் வழியாதான் விடுவாங்க, இந்த சம்பந்தங்கள் எல்லாம் முன்வாசல திறந்து விட்டுச்சு.

மூணு ஊர்ல இருந்தாலும் மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் விடாம கடிதம் போட்டுக்கிட்டாங்க, ஒரு பெரிய கல் கிடைச்சா எந்த ஊர்ல வித்தா நல்ல விலை போகும்னு பேசி அங்க அனுப்பிடுவாங்க. ஒரு ஊர்ல வியாபாரம் படுத்தா இன்னொரு ஊரு தாங்கும். ரஷ்யாவுல 1917 புரட்சியில அங்க இருந்த பிரபு குடும்ப கஸ்டமர் எல்லாம் போனப்பவும் கடை நின்னதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

ப்ளாட்டினம் ப்ளாட்டினம்னு சொல்றாங்களே, அதுல என்ன பெரிய விஷயம்?

பெரிய விஷயம்தான், கொஞ்சம் பொறுமையா சொல்றேன். அதுக்கு முன்னாடி வைரத்த பெரும்பாலும் வெள்ளியிலதான் பதிப்பாங்க, ஏன்னா தங்கத்துல பதிச்சா மஞ்சள் நிறம் கல்லுல அடிக்கும். ஆனா வெள்ளி மென்மையான உலோகம், கல்ல கெட்டியா பிடிக்கணும்னா கனமா போடணும், மேல வெள்ளி கறுத்துப் போகும், தோல்லயும் துணியிலயும் கறை படக்கூடாதுன்னு பின்பக்கம் தங்கம் வேற ஒட்டுவாங்க. மொத்தத்துல நகை கனமா, தடியா இருக்கும். அந்தப் பக்கம் 1860கள் கடைசியில தென்னாப்பிரிக்காவுல வைரம் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் கல் நிறைய வருது, ஆனா அத காட்ட சரியான உலோகம் இல்ல.

ப்ளாட்டினம் கறுக்காது, ரொம்ப பலம், அதனால ஒரு மெல்லிசு கம்பி போதும் கல்ல பிடிச்சுக்க. பிரச்சனை என்னன்னா அது உருக 1,768 டிகிரி வேணும், தங்கம் 1,064லயே உருகிடும். பழைய ஊதுகுழல் நெருப்பு அதுக்கு பத்தாது, பட்டறையில கருவி, நெருப்பு, கை எல்லாமே மாறணும். லூயி அத விடாம பிடிச்சுக்கிட்டாரு. உலோகம் கண்ணுக்கே தெரியாத மாதிரி மெல்லிசா, ஓரத்துல மட்டும் பொடி மணி மணியா ஒரு வரிசை அடிச்சு வெளிச்சம் அதுல பட்டு சிதறுற மாதிரி செஞ்சாங்க, தூரத்துல இருந்து பார்த்தா வைரம் தானா தோல்மேல நிக்கிற மாதிரி, லேஸ் துணி மாதிரி இருக்கும். மாலை, இலைக்கொத்து, ரிப்பன் முடிச்சு இப்படி டிசைன், கார்லண்ட் ஸ்டைல்னு சொல்லுவாங்க. அந்த நேரத்துல பாரிஸ் முழுக்க ஆர்ட் நூவோ அலை, வளைஞ்சு நெளிஞ்ச செடி கொடி டிசைன், எல்லாரும் அது பின்னாடி ஓடும்போது லூயி தன் டிசைனர்கள அனுப்பி பாரிஸ்ல இருக்கிற 18ஆம் நூற்றாண்டு கட்டடங்களோட கதவு, பால்கனி, சுவர் வேலைப்பாட்ட எல்லாம் பார்த்து வரையச் சொன்னாரு. அந்த துணிச்சல் எனக்கு ரொம்ப பிடிக்கும்.

இந்தியாவுக்கும் கார்ட்டியருக்கும் என்ன தொடர்பு?

நிறைய. 1911 டிசம்பர்ல டெல்லி தர்பார், ஐந்தாம் ஜார்ஜ் ராஜா வந்த அந்த விழா, அத ஒட்டி ஜாக் கார்ட்டியர் முதல் தடவையா இந்தியா வந்தாரு. லண்டன்ல நகை வாங்குறது பெண்களுக்காக, இங்க வந்து பார்த்தா நெத்தியில இருந்து பாதம் வரை நகை போட்டிருக்கிறது மகாராஜாக்கள். அவங்க கஜானாவுல கல் தலைமுறை தலைமுறையா குவிஞ்சு கிடக்கு, அவங்க கேட்டது புதுக் கல் இல்ல, இருக்கிற கல்ல பாரிஸ் ஸ்டைல்ல ப்ளாட்டினத்துல மாத்திக் கொடுங்கன்னு. இன்னொரு பக்கம் ஜாக் இங்க இருந்து செதுக்கின கல் வாங்கினாரு, மாணிக்கம், மரகதம், நீலம் எல்லாத்தையும் பட்டை தீட்டாம இலை, பூ, காய் மாதிரி செதுக்குறது இங்க முகலாயர் காலத்துல இருந்து வர்ற வேலை. ஐரோப்பாவுல அப்படி செய்ய மாட்டாங்க, கல்லோட பளபளப்பு போயிடும்னு. அந்தச் சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் ஒண்ணா கலந்து கார்ட்டியர் செஞ்ச நகைகளுக்குத்தான் இப்போ டூட்டி ஃப்ரூட்டின்னு பேரு, அந்த பேரு 1970கள்லதான் வந்துச்சு. 1936ல டெய்ஸி ஃபெல்லோஸ்ங்கிற பணக்காரப் பெண்மணிக்கு செஞ்ச ஆரம்தான் அதுல ரொம்ப பேர் போனது.

அந்த வேலைப்பாட்டோட பாதி அழகு பேரு தெரியாத நம்ம ஊர் கல் செதுக்குற கைகளோடது. அவங்க பேர யாருமே எழுதி வைக்கல, இத ஒவ்வொரு தடவை அந்த நகைகள போட்டோவுல பார்க்கும்போதும் நினைச்சுக்குவேன்.

அதே பயணத்த ஒட்டி 1912ல ஜாக் பாரசீக வளைகுடாவுக்கு, பஹ்ரைனுக்குப் போனாரு, முத்து வாங்க. அங்க முத்து வியாபாரிகளோட கம்பளத்துல உக்காந்து எடுத்த போட்டோ இன்னிக்கும் இருக்கு. அப்போ நல்ல இயற்கை முத்துக்கு வைரத்துக்கு மேல மதிப்பு.

பாட்டியாலா ஹாரம் கதை நிஜமா?

நிஜம்தான். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் 1925ல தன் கல்லையெல்லாம் கொண்டுபோய் பாரிஸ்ல கொடுத்து ஆர்டர் போட்டாரு, 1928ல முடிஞ்சுது. மொத்தம் 2,930 வைரம், நடுவுல டி பியர்ஸ்னு சொல்ற மஞ்சள் வைரம் 234.65 கேரட், கூட பர்மா மாணிக்கம். கார்ட்டியர் செஞ்சதுலயே ரொம்ப பெரிய ஆர்டர்கள்ல ஒண்ணு. 1948 வாக்குல அது பாட்டியாலா கஜானாவுல இருந்து காணாம போச்சு. 1982ல அந்த மஞ்சள் வைரம் மட்டும் ஜெனிவாவுல சோத்பீஸ் ஏலத்துக்கு வந்துச்சு. 1998ல லண்டன்ல ஒரு பழைய நகைக்கடையில மீதி ஹாரத்தோட எலும்புக்கூடு கிடைச்சுது, பெரிய கல் எல்லாம் பிடுங்கப்பட்டு வெறும் ப்ளாட்டினச் சங்கிலி. கார்ட்டியர் அத வாங்கி வருஷக்கணக்கா உக்காந்து சரி பண்ணாங்க, போன பெரிய கல்லுக்குப் பதிலா செயற்கைக் கல் வச்சு.

2022ல நியூயார்க்ல மெட் காலாங்கிற ஃபேஷன் விழாவுக்கு யூடியூபர் எம்மா சேம்பர்லைன் போட்டு வந்தது இந்த மகாராஜா போட்ட சோக்கர்தான், அதாவது கழுத்த ஒட்டிப் போடுற நகைதான்னு ஆன்லைன்ல பெரிய சண்டை நடந்துச்சு. யாரு எப்போ கஜானாவுல இருந்து எடுத்தாங்கன்னு தெரியாத ஒரு நகை, இப்போ விளம்பரத்துக்கு வருதுன்னா நம்ம ஆளுங்களுக்கு கோபம் வர்றது நியாயம்தான்.

நவாநகர் மகாராஜா ரஞ்சித்சின்ஜியும் ஜாக்கோட நெருங்கின நண்பர், ரஞ்சி டிராபிங்கிற பேரே அவரால வந்ததுதான். 1931ல அவருக்கு செஞ்ச ஹாரத்துல குயின் ஆஃப் ஹாலந்துங்கிற 136.25 கேரட் வைரம், கூட கலர் வைரங்கள். ரெண்டு வருஷத்துல, 1933ல அவர் இறந்துட்டாரு.

முத்துமாலைக்கு ஒரு பில்டிங்கையே வாங்கினாங்களாமே?

ஆமா, 1917ல. நியூயார்க் ஃபிஃப்த் அவென்யூ, 52ஆவது தெரு முக்கு, மார்ட்டன் ப்ளான்ட்ங்கிற கோடீஸ்வரரோட மாளிகை. அந்த ஏரியா முழுக்க கடைகளா மாறிட்டு வந்ததால அவர் வேற பக்கம் குடிபோக முடிவு பண்ணியிருந்தாரு. அவர் மனைவி மேய்ஸிக்கு கார்ட்டியர் கடையில இருந்த ரெண்டு சரம் இயற்கை முத்துமாலை மேல ஆசை, ஒரு சரம் 55 முத்து, இன்னொண்ணு 73. விலை பத்து லட்சம் டாலர். பியர் என்ன பண்ணாருன்னா, மாலைய எடுத்துக்கோங்க, கூட 100 டாலர் தர்றேன், வீட்ட கொடுங்கன்னுட்டாரு. நடந்துச்சு.

இப்போ அடுத்த பாதி. மேய்ஸி இறந்த பிறகு 1957ல அந்த மாலை ஏலத்துக்கு வந்தப்போ போனது ஒன்றரை லட்சம் டாலர் அளவுக்குத்தான். ஏன்னா ஜப்பான்ல மிகிமோட்டோ கோகிச்சி 1893லயே சிப்பிக்குள்ள முத்து வளர்க்கிற வித்தைய கண்டுபிடிச்சு, 1920கள்ல இருந்து வளர்ப்பு முத்து உலகம் பூரா வந்து, இயற்கை முத்தோட விலைய அடியோட சாய்ச்சுடுச்சு. பில்டிங் மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. இதுல பியர் ஏமாத்தினாருன்னு சிலர் எழுதுறாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், 1917ல அந்த மாலையோட விலை நிஜமாவே அவ்வளவுதான், பியருக்கும் ஜோசியம் தெரியாது.

ஹோப் வைரத்த வித்ததும் இவங்கதானா?

ஆமா, அதுவும் பியர். நம்ம கோல்கொண்டா பக்கம் கிடைச்சு பிரான்ஸ் ராஜாகிட்ட போன அந்த நீல வைரம்தான். 1911ல வாஷிங்டன்ல எவலின் வால்ஷ் மெக்லீன்ங்கிறவங்களுக்கு 1,80,000 டாலருக்கு வித்தாரு. அது ராசியில்லாத கல்லுன்னு பேரு இருந்துச்சு, அந்தக் கதையையும் பியர் தானே எடுத்துச் சொல்லி ஆர்வத்த கிளப்பினாரு. ஒப்பந்தத்துலயே ஆறு மாசத்துக்குள்ள குடும்பத்துல யாராவது இறந்தா வேற நகைக்கு மாத்திக்கலாம்னு ஒரு வரி போட்டிருந்தாங்க.

நகைக்கடை எப்படி வாட்ச் பக்கம் வந்துச்சு?

லூயியோட நண்பர் ஆல்பெர்ட்டோ சான்டோஸ் துமோன், பிரேசில்காரர், பாரிஸ்ல விமானம் ஓட்டின முன்னோடி. ரெண்டு கையும் விமானத்துல இருக்கும்போது பாக்கெட்ல இருந்து கடிகாரம் எடுத்துப் பார்க்க முடியல, அதுக்காக 1904ல லூயி அவருக்கு கையில கட்டுற வாட்ச் செஞ்சு கொடுத்தாரு. 1911ல அது விற்பனைக்கு வந்துச்சு. ஆம்பளைங்க கையில வாட்ச் கட்டுறதே அப்போ அபூர்வம். உள்ள இருக்கிற மெஷினுக்கு எட்மண்ட் ஜேகரோட 1907ல ஒப்பந்தம் போட்டாங்க. டேங்க் டிசைன் 1917, விற்பனை 1919.

ஆனா என்னோட ஃபேவரிட் 1912ல மோரிஸ் கூவேங்கிற கடிகாரக்காரர் செஞ்ச மிஸ்டரி க்ளாக். டயல் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், அந்தப் பக்கம் இருக்கிறது தெரியும், நடுவுல ரெண்டு முள்ளு மட்டும் எதோடயும் ஒட்டாம தானா சுத்தும். உண்மையில முள்ளு ஒவ்வொண்ணும் ஒரு ஸ்படிகத் தட்டுல ஒட்டியிருக்கு, முழுத் தட்டும்தான் சுத்துது, தட்டோட ஓரத்துல பல்சக்கரம், அது ஃப்ரேமுக்குள்ள மறைஞ்சிருக்கு. மெஷின் கீழ பீடத்துல. ரோபெர் ஊதெங்கிற மேஜிக்காரரோட பழைய ட்ரிக்க எடுத்து கூவே இத செஞ்சாரு.

டிசைன் பண்ணது, செஞ்சது எல்லாம் யாரு? குடும்பமேவா?

இல்ல, லூயி ஐடியா கொடுப்பாரு, தேர்ந்தெடுப்பாரு, வரையறது சார்ல்ஸ் ஷாக்கோ மாதிரி டிசைனர்கள். பாரிஸ்ல ரொம்ப வருஷம் ஆன்ரி பிக், லாவாப்ர் போன்ற வெளிப் பட்டறைகள்தான் நகைய செஞ்சு கொடுத்துச்சு. லண்டனுக்கு 1920கள் ஆரம்பத்துல சொந்தமா இங்கிலிஷ் ஆர்ட் வொர்க்ஸ்னு பட்டறை வச்சாங்க. ஒவ்வொரு நகைக்கும் வரைபடம், கணக்குப் புத்தகம், போட்டோ, சிலதுக்கு ப்ளாஸ்டர் அச்சுகூட எடுத்து வச்சிருக்காங்க, அதனாலதான் நாம இன்னிக்கு இவ்வளவு விவரமா பேச முடியுது.

குடும்பத்துக்கு வெளிய ஒரே ஒரு பேரு சொல்லணும்னா ஜான் தூசான். பெல்ஜியத்துல பிறந்த பெண், படம் வரையத் தெரியாது, ஆனா கல்லையும் கலரையும் பார்க்கிற கண்ணு அப்படி. லூயி 1933ல உயர் ரக நகைப் பிரிவு முழுசையும் அவங்க பொறுப்புல விட்டாரு, ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு பதவி அந்தக் காலத்துல சாதாரணம் இல்ல. இப்போ கார்ட்டியர்னாலே நினைக்கிற சிறுத்தை அவங்களோட உழைப்பு, பீட்டர் லெமார்ஷான் வரைஞ்சு கொடுத்தது. 1948ல வின்ட்ஸர் டியூக் தன் மனைவிக்காக வாங்கின சிறுத்தை ப்ரூச்ல 116.74 கேரட் மரகதம். ஜெர்மானியர் பாரிஸ பிடிச்சிருந்தப்போ கூண்டுக்குள்ள பறவை இருக்கிற ப்ரூச் செஞ்சாங்க, 1944ல பாரிஸ் விடுதலையானதும் அதே பறவை கூண்டு திறந்து பாடுற மாதிரி.

இவ்வளவு நல்லா போன கடைய ஏன் வித்தாங்க?

ஜாக் 1941, லூயி 1942, ஒரு வருஷ இடைவெளியில ரெண்டு பேரும் போயிட்டாங்க, அதுவும் போர் நேரம். பியர் மட்டும் மிச்சம், அவரும் 1964ல இறந்துட்டாரு. அடுத்த தலைமுறைக்கு மூணு ஊருக் கடையும் தனித்தனியா பிரிஞ்சு வந்துச்சு. லூயியோட பையன் க்ளோட் 1962ல நியூயார்க் கடைய வித்தாரு, பியர் இறந்ததுக்கு அப்புறம் அவர் பொண்ணு மரியான் பாரிஸ வித்தாங்க, கடைசியா ஜாக்கோட பையன் ஜான் ஜாக் 1974ல லண்டன வித்தாரு. நான் பார்க்கிற வரைக்கும் பணம் மட்டுமே காரணம் இல்ல. அப்பா உயிரோட இருந்து மூணு பசங்களையும் ஒரே கோட்டுல நிறுத்தின மாதிரி அடுத்து யாரும் நிறுத்தல, சித்தப்பா பெரியப்பா பசங்க ஆளுக்கொரு ஊர்ல வளர்ந்தாங்க, ஒரு கடை போனதும் மத்ததையும் பிடிச்சு வைக்க முடியல. இவங்கள கை நீட்டி திட்டுறவங்க இருக்காங்க, ஆனா போருக்கு அப்புறம் டியாரா போடுற விருந்தே குறைஞ்சு போச்சு, வரி ஏறிச்சு, சம்பளம் ஏறிச்சு, அவங்க நிலைமை சுலபம் இல்ல.

1972ல ராபர்ட் ஓக் தலைமையில முதலீட்டாளர்கள் பாரிஸ் கடைய வாங்கி, அடுத்தடுத்து லண்டன், நியூயார்க்னு பிடிச்சு 1979ல மூணையும் திரும்ப ஒரே கம்பெனி ஆக்கினாங்க. இப்போ ஸ்விட்சர்லாந்தோட ரிஷ்மோன் குழுமத்துக்கு சொந்தம்.

அப்போ லவ் ப்ரேஸ்லெட் குடும்பம் செஞ்சது இல்லையா?

இல்ல. 1969ல நியூயார்க் கடைக்காக ஆல்டோ சிபுலோ செஞ்சது, அப்போ அந்தக் கடை குடும்பத்து கைய விட்டு போயாச்சு. மூணு கலர் தங்க வளையம் பின்னின ட்ரினிட்டி மோதிரம்தான் குடும்ப காலத்தது, 1924.

இன்னும் குடும்பமே நடத்துற பெரிய நகைக்கடை ஏதாவது இருக்கா?

பாரிஸ்ல மெலெரியோ, அவங்க தங்களோட தொடக்கத்த 1613ல இருந்து கணக்கு வைக்கிறாங்க, இன்னும் அதே குடும்பம்தான். ஷோபார்ட் 1963ல இருந்து ஷாய்ஃபெலே குடும்பத்தோடது.

பழைய கார்ட்டியர் நகைகள நேர்ல பார்க்க முடியுமா?

கார்ட்டியர் கம்பெனியே பழைய நகைகள திரும்ப வாங்கி ஒரு கலெக்‌ஷன் வச்சிருக்காங்க, அதுக்கு நிரந்தரமா ஒரு மியூசியம் கிடையாது, உலகத்துல பெரிய மியூசியங்கள்ல கண்காட்சியா வரும், 2025ல லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல நடந்துச்சு. முத்துமாலைக்கு வாங்கின அந்த நியூயார்க் மாளிகை இன்னும் கார்ட்டியர் கடைதான், கடை நேரத்துல யாரும் உள்ள போகலாம். ஹோப் வைரம் வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் இயற்கை வரலாறு மியூசியத்துல இருக்கு, 1958ல நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் அத தபால்ல அனுப்பி தானமா கொடுத்தாரு, சுத்தி இருக்கிற வெள்ளை வைர வரிசை பியர் கார்ட்டியர் காலத்து வேலை, டிக்கெட் கிடையாது.